ஆற்றுக்கும் மதிலுக்கும் இடையே

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் நெடுஞ்சாலையில், தாமிரபரணியின் தென்கரையில் அமைந்துள்ளது ஆதிச்சநல்லூர். சாலையின் இருபுறமும் மேடிட்டுக் கிடக்கும் அச்செம்மண் பறம்பின் கீழ், எண்ணற்ற முதுமக்கள் தாழிகள் புதைந்திருக்கின்றன. 1876-இல் ஜெர்மானியரான யாகோர் இங்கு முதலில் அகழ்ந்தார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ சில ஆண்டுகள் அகழ்ந்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் 2004-இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் மண்வெட்டியைக் கையிலெடுத்தது. ஆற்றோரத்து வயலை உயிரோடிருப்பவர்க்கு விட்டுவிட்டு, வேளாண்மைக்கு ஒவ்வாத பறம்பை இறந்தோர்க்கு ஒதுக்கிய மக்கள் இங்கே வாழ்ந்தனர். தம் மாண்டோரைப் பெயரறியாமல் விட்டுவிடாது, ஒவ்வொருவருக்கும் ஒரு தாழி செய்து, உணவும் கருவியும் உடன் வைத்து அடக்கம் செய்தனர்.

அண்மையில் நம் பங்கின் இளைஞர் சிலரையும் அவர்தம் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு அப்பறம்புக்குச் சென்றிருந்தோம். தாழிகளைப் பார்த்து முடித்து ஆற்றங்கரை நிழலில் அமர்ந்திருந்தபோது, பேச்சு எப்படியோ 2018-ஆம் ஆண்டின் தூத்துக்குடிக்குத் திரும்பிற்று. அன்று சிறு பிள்ளைகளாயிருந்தவர்கள் இன்று கல்லூரியில் பயில்கின்றனர். ஊருக்கு ஒரு தீங்கு வரும்போது தெருவில் இறங்கிக் கேட்க நமக்கு உரிமை உண்டா, இல்லையா என்று ஓர் இளைஞர் வினவினார். உண்டு என்றோம். அருகிலிருந்த அவருடைய தாய் இடைமறித்தார். "கூட்டத்துக்குப் போவட்டும், வேண்டாங்கல. திரும்பி வீட்டுக்கு வருவானான்னு மட்டும் சொல்லுங்க, சார்."

மகனின் வினாவுக்கு விடை அரசியலமைப்பில் இருக்கிறது. தாயின் வினாவுக்கு விடை தேடினால் வரலாற்றுக்குள் செல்ல வேண்டியிருக்கிறது. அதிலும் நம் எதிரே ஓடிக்கொண்டிருந்த அந்த ஆற்றின் வரலாற்றுக்குள்ளேயே செல்ல வேண்டியிருக்கிறது.

1908-ஆம் ஆண்டின் முற்பகுதியில் தூத்துக்குடி கொந்தளித்துக்கொண்டிருந்தது. சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கோரல் ஆலைத் தொழிலாளரின் பக்கம் நின்றனர். பிப்ரவரி இறுதியில் தொடங்கிய அவ்வேலைநிறுத்தம் மார்ச் முதல் வாரத்தில் தொழிலாளர்க்கு வெற்றியாக முடிந்தது. சில நாள்களுக்குப் பின், மார்ச் 12 அன்று, தலைவர்கள் திருநெல்வேலியில் கைது செய்யப்பட்டனர். மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன. மக்கள் தெருவில் திரண்டனர். நகராட்சி அலுவலகமும் அஞ்சல் நிலையமும் தீக்கிரையாயின. காவல்துறை சுட்டது, நால்வர் மாண்டனர். அதன்பின் இரு நகரங்களிலும் தண்டக் காவற்படை நிறுத்தப்பட்டு, அதற்கான செலவு மக்கள்மீதே வரியாகச் சுமத்தப்பட்டது. ஜூலையில் வ. உ. சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. இவையெல்லாம் பள்ளிப் பாடநூல்களில் உள்ளன. மாண்ட அந்த நால்வரைப் பற்றி மட்டும் ஒரு வரிக்கு மேல் எங்கும் காண்பதரிது. தாழி செய்து வைத்த மக்களின் வழிவந்த நாம், இவ்வகையில் நம் முன்னோரைவிடக் கவனக்குறைவு உள்ளவர்கள் என்றே தோன்றுகிறது.

அந்நாளில் கூடுவது உரிமையாக இருக்கவில்லை. ஆள்வோர் பொறுத்துக்கொள்ளும்வரை கூடலாம். பொறுமை முடிந்தால் கலைய வேண்டும். எனினும் கலைப்பதற்கென்று ஒரு முறைமையை அவர்களே தம் சட்டத்தில் எழுதி வைத்திருந்தனர். அதன் மூலத்தை இங்கிலாந்தில் காணலாம். 1715-இல் அங்கு நடைமுறைக்கு வந்த கலகச் சட்டத்தின்படி, நடுவர் ஒருவர் கூட்டத்தின் முன் நின்று மன்னரின் பெயரால் ஓர் அறிவிப்பை உரக்கப் படிக்க வேண்டும். படித்து ஒரு மணி நேரம் கழிந்த பின்னரே கலையாதவர்மீது பலம் பயன்படுத்தலாம். 1819 ஆகஸ்டு 16 அன்று மான்செஸ்டர் நகரத்துப் பீட்டர் திடலில் வாக்குரிமை கேட்டு ஏறத்தாழ 60,000 பேர் மனைவி மக்களோடு கூடியபோது, அவ்வறிவிப்பு படிக்கப்பட்டதாக நடுவர்கள் பின்னர் சாதித்தனர். திடலில் நின்றவர்களுள் பெரும்பாலோர் செவியில் அது விழவேயில்லை. குதிரைப்படை கூட்டத்துக்குள் பாய்ந்தது. பதினெட்டுப் பேர் அளவில் மாண்டனர்.

நூறு ஆண்டுகள் கழித்து அமிர்தசரசில் நடந்ததை வாசகர் அறிவர். 1919 ஏப்ரல் 13 காலையில், கூட்டங்களுக்குத் தடை என்ற அறிவிப்பை நகரின் சில இடங்களில் தமுக்கடித்துப் படித்தனர். எல்லாத் தெருக்களிலும் படிக்கவில்லை. வைசாகித் திருநாளுக்காகச் சிற்றூர்களிலிருந்து வந்திருந்தவர் பலர் அதனை அறியார். ஜாலியன்வாலா பாகின் வாயில்கள் குறுகியவை. முதன்மையான வாயிலில் படை நின்றது. ஒரு வார்த்தை எச்சரிக்கையின்றி டயர் சுடச் சொன்னார். 1,650 குண்டுகள் சுடப்பட்டன. அரசின் கணக்கிலேயே 379 பேர் மாண்டனர். பின்னர் விசாரித்த ஹண்டர் குழு அவர்மீது கண்ட குற்றங்களுள் ஒன்று, எச்சரிக்கை கொடுக்கவில்லை என்பதாகும்.

தடை இருந்ததா என்பதைவிட, அது மக்களுக்குத் தெரிந்ததா என்பது பெரிய கேள்வி. எச்சரித்தார்களா என்பதைவிட, அது காதில் விழுந்ததா என்பது பெரிய கேள்வி. கலையுங்கள் என்று சொன்னபோது கலைந்து செல்ல வழி இருந்ததா என்பது இவை எல்லாவற்றினும் பெரியது. பீட்டர் திடலிலும் ஜாலியன்வாலா பாகிலும் உயிர்கள் போனது இம்மூன்று இடைவெளிகளில்தான்.

விடுதலைக்குப்பின் நிலைமை எழுத்தளவில் மாறிற்று. அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடுவது குடிமக்களின் அடிப்படை உரிமை என்று அரசியலமைப்பின் 19-ஆவது உறுப்பு உரைக்கிறது. நாட்டின் ஒருமைப்பாட்டையும் பொது ஒழுங்கையும் காக்கும் பொருட்டு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றும் அவ்வுறுப்பே சேர்த்துச் சொல்கிறது. பொதுத் தெருக்களில் கூட்டம் நடத்துவதை அரசு முறைப்படுத்தலாமேயன்றி, அடியோடு மறுத்துவிட முடியாது என்று உச்சநீதிமன்றம் 1972-இல் ஹிம்மத்லால் ஷா வழக்கில் தீர்ப்பளித்தது. திருச்சபையைப் பொறுத்தவரை, திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் 1963-இல் வெளியிட்ட சுற்றுமடல், கூடும் உரிமையை மனிதரின் இயல்பான உரிமைகளுள் ஒன்றாக எண்ணியது. ஆனால் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற தடையுத்தரவும் கலைப்பு முறைமையும் புதிய குடியரசின் சட்டங்களிலும் அப்படியே இடம்பெற்றன. 144 என்ற எண்ணை நம் ஊர்களில் எழுத்தறியாதவரும் அறிவர். 2024 ஜூலை முதல் நாள் தொட்டு நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதன் எண் 163 ஆயிற்று. கலைப்பு பற்றிய பழைய 129-ஆவது பிரிவு இப்போது 148. எண் மாறிற்றேயன்றிப் பொருள் மாறவில்லை. பழைய இங்கிலாந்துச் சட்டம் தந்த அந்த ஒரு மணி நேர அவகாசம் நம் சட்டத்தில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை என்பதைப் பலர் கவனித்ததில்லை.

இனி ஆற்றுக்கு வருவோம். திருநெல்வேலியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் கொக்கிரகுளத்தில் தாமிரபரணியின் கரையை ஒட்டியே அமைந்துள்ளது. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஊதியக் கோரிக்கைக்காகவும், போராடிக் கைதாகிச் சிறையிலிருந்த அவர்களின் தோழர்களை விடுவிக்கக் கோரியும், ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாக அங்கு வந்தனர். பெண்களும் வந்தனர், அவர்தம் இடுப்பில் குழந்தைகளும் வந்தனர். மனு கொடுப்பதே நோக்கம். அலுவலகத்தை நெருங்கும் இடத்தில் காவலர்க்கும் ஊர்வலத்தினர்க்கும் வாக்குவாதம் மூண்டு, தடியடியாக முடிந்தது. மக்கள் நின்ற இடத்தின் ஒருபுறம் மதில், மறுபுறம் ஆறு. முன்னும் பின்னும் நெருக்கம். ஓட முடிந்த திசை ஆறு ஒன்றே. இறங்கினர். பதினேழு பேர் மாண்டனர். அவர்களுள் பெண்கள் இருவர். ஒன்று சிறு குழந்தை.

அதன்பின் விசாரணை ஆணையம் அமைந்தது, அறிக்கை வந்தது, அது பற்றிய வாதங்கள் இன்றுவரை ஓயவில்லை. அவற்றுள் நாம் புகவில்லை. ஆண்டுதோறும் ஜூலை 23 அன்று பலரும் கொக்கிரகுளத்தில் ஆற்றில் மலர் தூவுகின்றனர். சீவலப்பேரியில் சிற்றாற்றையும் சேர்த்துக்கொண்டு, முறப்பநாட்டைக் கடந்து, நாம் அமர்ந்திருந்த ஆதிச்சநல்லூர்க் கரை வழியாகத்தான் அந்நீர் கடலை நோக்கிச் செல்கிறது. ஒரு செய்தியை மட்டும் குறித்துக்கொள்ள விரும்புகிறோம். அன்று மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை இல்லை. 2004 ஜூலையில்தான் அது திறக்கப்பட்டது. ஊர்வலத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டால், கைதானவரை மீட்க வேண்டுமானால், தென்கோடி மக்கள் சென்னைக்கு இரவு முழுதும் பயணம் செய்ய வேண்டியிருந்தது.

நம் கடற்கரையும் இதற்கு விலக்கன்று. 2012 செப்டம்பரில் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிராக இடிந்தகரைக் கடற்கரையில் திரண்டிருந்தவர்கள்மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டபோது, மக்கள் கடலுக்குள் ஓடினர். அன்றே மணப்பாட்டில் காவல்துறை சுட்டதில் மீனவர் ஒருவர் மாண்டார். கடலை அறிந்தவர்களாதலால் இடிந்தகரையில் பலர் நீந்திப் பிழைத்தனர் என்று சொல்லத் தோன்றுகிறது. அப்போராட்டக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர்மீது வழக்குகள் பதியப்பட்டன. 2013 மே மாதத் தீர்ப்பில் உச்சநீதிமன்றம், அமைதி திரும்பும்பொருட்டு அவ்வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று அறிவுறுத்தியது. முதல் தகவல் அறிக்கையில் 'மற்றும் பலர்' என்று எழுதப்படும் இரண்டு சொற்கள் ஓர் ஊரையே பல ஆண்டுகள் அஞ்சி வாழச் செய்யவல்லவை. வெளிநாட்டு வேலைக்குக் கடவுச்சீட்டுக் கேட்டுச் சென்றபோது, தம் பெயரில் வழக்கு இருப்பதை முதன்முறையாக அறிந்துகொண்ட இளைஞர்களை நாம் சந்தித்திருக்கிறோம்.

பிறகு 2018 மே 22. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை மூடக் கோரிய குமரெட்டியாபுரத்துப் போராட்டத்தின் நூறாவது நாள். பனிமய மாதா பேராலயத்தின் முன்பிருந்தும் மடத்தூர்ப் பகுதியிலிருந்தும் மக்கள் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி நடந்தனர். முந்தைய நாள் இரவில்தான் நகரின் சில காவல் நிலைய எல்லைகளுக்குத் தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டிருந்தது. எந்தத் தெருவில் தடை தொடங்குகிறது, எந்தத் தெருவில் முடிகிறது என்பதைக் காலையில் பிள்ளைகளோடு புறப்பட்ட ஒரு குடும்பம் எங்ஙனம் அறியும்? ஆட்சியர் அன்று கோவில்பட்டியில் இருந்தார். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் வாகனங்கள் எரிந்தன. துப்பாக்கிகள் வெடித்தன. திரேஸ்புரத்தில் ஒரு பெண்மணி குண்டுக்கு இரையானார். மறுநாள் அண்ணா நகரிலும் ஒருவர் மாண்டார். பள்ளிப் பருவம் தாண்டாத ஒரு பெண் உட்பட, மொத்தம் பதின்மூன்று உயிர்கள் போயின.

ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையிலான ஆணையம் 2022 மே மாதம் தன் இறுதி அறிக்கையை அளித்தது. அக்டோபரில் அது சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. மறைவிடங்களிலிருந்து, ஓடிக்கொண்டிருந்தவர்கள்மீது சுடப்பட்டதாக அது கண்டது. காவல்துறையின் நிலையாணைகள் வகுத்துள்ள படிமுறை பின்பற்றப்படவில்லை என்றது. காவல்துறையினர் பதினேழு பேர்மீதும், அன்றைய ஆட்சியர் உள்ளிட்ட வருவாய்த்துறையினர்மீதும் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. அப்படிமுறை மிக எளியது. முதலில் கலையுமாறு ஆணை. அடுத்து எச்சரிக்கை. அதன்பின் கண்ணீர்ப்புகை, தடியடி. வேறு வழியேயில்லை என்றால் மீண்டும் எச்சரித்துவிட்டுச் சுடுதல். சுடும்போதும் தாழக் குறிவைத்தல். கூட்டம் கலையத் தொடங்கியவுடன் நிறுத்துதல். இப்படிகளைக் காவலர் அறிந்திருப்பது போதாது. கூட்டத்தில் நிற்பவரும் அறிந்திருக்க வேண்டும் என்பதே ஆற்றங்கரையில் அந்த அன்னைக்கு நாம் சொல்ல முயன்றது. முதற்படி ஏறும் ஓசை காதில் விழும்போதே குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குள் திரும்பிவிடும் அறிவு, உயிரைக் காக்கும். கலையச் சொன்ன பின்னும் நிற்பவரைச் சட்டம் வேறு கண்ணால் பார்க்கிறது. கலைந்து செல்வது தோல்வியன்று. நாளை மீண்டும் வரலாம்.

இளைஞர்கள் கேட்கக் கேட்க, அன்று மாலை நாம் பேசியவை நீண்டுகொண்டே சென்றன. அவற்றுள் சிலவற்றை இங்கும் எழுதி வைப்பது பயனுடையது.

அனுமதி பற்றிய பேச்சு முதலில் வந்தது. கூட்டமோ ஊர்வலமோ நடத்துவோர் பல நாள் முன்னதாகவே காவல்துறைக்கு எழுத்தில் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கையில் வைத்திருக்க வேண்டும். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேட்க வேண்டும். எழுத்தில் வந்த மறுப்பை மதுரைக் கிளையில் கேள்விக்குள்ளாக்கலாம். வாய்ச்சொல்லை எந்த நீதிமன்றத்திலும் காட்ட இயலாது. தடையுத்தரவும் எழுத்தில் இருக்க வேண்டியதே. எந்த எல்லைக்கு, எந்த நாள்வரை, என்ன காரணத்துக்காக என்பது அதில் இருக்கும். பொதுவாக இரண்டு மாதத்துக்கு மேல் அது நீடிக்காது. மாநில அரசு நீட்டித்தாலொழிய. பங்கிலோ ஊரிலோ ஒருவராவது அதன் படியைப் பெற்று, எல்லைகளைத் தெருப்பெயரோடு மக்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினால் பாதி விபரீதம் தவிர்க்கப்படும். அமிர்தசரசில் தமுக்குக்காரர் செய்யாது விட்டதை நாமே செய்துகொள்வது என்று இதனைக் கொள்ளலாம்.

அடுத்து இடம். நடக்கப்போகும் பாதையை முதல்நாளே ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். எங்கே சந்து பிரிகிறது, எங்கே மதில் மறிக்கிறது, எங்கே நீர்நிலை இருக்கிறது, மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்பவற்றைப் பார்க்க வேண்டும். கொக்கிரகுளத்தின் நிலவமைப்பை அறிந்த எவரும், கைக்குழந்தையோடு வந்த தாயை அந்த வரிசையின் நடுவே நிறுத்தியிருக்க மாட்டார். முதியோர், நோயாளிகள், பிள்ளைகள் ஆகியோர் திறந்த பக்கத்தை ஒட்டி நிற்கட்டும். தடுப்பு வேலியின் அருகே வேண்டாம். கூட்டத்தில் எவனேனும் கல்லைக் கையிலெடுத்தால், அவன் நம்மவனானாலும் அயலானானாலும், அந்த இடத்தைவிட்டு உடனே விலகிவிட வேண்டும். ஒரு கல், அமைதியான கூட்டத்தின் சட்டப் பாதுகாப்பையே பறித்துவிடும். யாருடைய கை எறிந்தது என்பதைப் பின்னர் ஆணையங்கள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்துகொண்டிருக்கும்.

தனியே செல்லலாகாது என்பதை விளக்க நாம் வேறெங்கும் உவமை தேடவில்லை. நம் கடற்கரையில் முத்துக்குளிப்பு 1961-க்குப் பின் நடைபெறவில்லை என்றாலும், அதன் வழக்கங்கள் இன்னும் பேச்சில் வாழ்கின்றன. குளிப்பவன் கல்லைக் காலில் கோத்துக்கொண்டு ஆழத்தில் இறங்குவான். தோணியில் ஒருவன் அவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கயிறு அசைந்த மறுநொடி இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மைத்துனனிடமே கொடுப்பார்கள் என்பது நம் பக்கத்துச் சொல். தங்கையின் தாலி அவன் கையில் இருப்பதால் கண்ணயர மாட்டான்! கூட்டத்துக்குச் செல்பவர்க்கும் அப்படிக் கயிறு பிடிப்பவர் இருவர் வேண்டும். ஒருவர் அருகில் நடப்பவர். மற்றவர் வீட்டில் இருப்பவர். யார் யார் சென்றனர், எப்போது திரும்புவர், எந்த வழக்குரைஞரை அழைக்க வேண்டும் என்பதை அறிந்தவர். தொலைபேசி பறிபோகலாம், அல்லது 2018-இல் போல இணையமே பல நாள் துண்டிக்கப்படலாம். ஆகவே அந்த எண்ணைத் தாளிலோ கையிலோ மையால் எழுதிக்கொள்வது நல்லது. குடிநீர், அன்றாடம் உண்ணும் மருந்து, அடையாள அட்டையின் படி ஆகியவை போதும். கண்ணீர்ப்புகை சூழ்ந்தால் கண்ணைக் கசக்காமல், காற்று வரும் திசையை நோக்கி விலகி, தூய நீரால் கழுவ வேண்டும். ஓடும்போது விழுந்தவரைத் தாண்டி ஓடாமல் தூக்கிவிட வேண்டும் என்பதை நாம் சொல்லாமலே ஒரு மாணவி சொன்னார்.

கைதைப் பற்றிய பேச்சில்தான் அதிக நேரம் சென்றது. நம் மாநிலத்தில் போராட்டக்காரர்களைப் பேருந்தில் ஏற்றித் திருமண மண்டபத்தில் வைத்து, உணவளித்து, மாலையில் விடுவிப்பது பழகிப்போன ஒரு காட்சி. அது பெரும்பாலும் தீங்கின்றி முடிவதால், கைது என்றாலே அவ்வளவுதான் என்ற எண்ணம் இளைஞர்க்கு உண்டு. அவ்வாறு அன்று. மண்டபத்தில் எழுதிக்கொடுக்கும் பெயரும் முகவரியும் ஒரு வழக்கின் தொடக்கமாகலாம். என்ன பிரிவின் கீழ் என்று கேட்பதில் தவறில்லை. முன்னெச்சரிக்கைக் கைது ஆயினும் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேறு சட்ட ஆதாரம் வேண்டும்.

முறையான கைதானால், காரணத்தை அறியவும் தம் விருப்பப்படி வழக்குரைஞரைக் கலந்துகொள்ளவும் அரசியலமைப்பின் 22-ஆவது உறுப்பு உரிமை தருகிறது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்றும் அதுவே கட்டளையிடுகிறது. 1996 டிசம்பரில் டி. கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் வகுத்த பதினொரு நெறிகள் இன்னும் விரிவானவை. கைது செய்யும் காவலர் பெயர் தெரியும் அட்டை அணிய வேண்டும். நாளும் நேரமும் குறித்த கைதுக் குறிப்பு எழுதி, சாட்சி ஒருவரும் கைதானவரும் கையொப்பமிட வேண்டும். உறவினர் ஒருவருக்குச் செய்தி சொல்ல வேண்டும். உடலில் காயம் இருந்தால் அதனைப் பதிவு செய்ய வேண்டும். எழுதப்படாத வெற்றுத் தாளில் எவரும் கையொப்பமிடத் தேவையில்லை. தமக்கெதிராகத் தாமே சாட்சி சொல்லுமாறு எவரையும் வற்புறுத்தவும் இயலாது. பெண்களை மாலை மயங்கியபின் விடியும்வரை, விதிவிலக்கான நிலையில் பெண் காவல் அலுவலர் நடுவரின் முன்னனுமதி பெற்றாலன்றி, கைது செய்யலாகாது. பதினெட்டு வயது நிரம்பாதவரைக் காவல் நிலைய அறையில் அடைக்கலாகாது. ஆகவே வயதைக் காட்டும் சான்று வீட்டில் எளிதில் எடுக்குமிடத்தில் இருக்கட்டும்.

நடுவர்முன் நிற்கும் அந்தச் சில நிமிடங்கள் எவ்வளவு பெரியவை என்பதை நம் மாவட்டம் இருமுறை கற்றது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலில் அடிபட்டு மாண்ட தந்தையும் மகனும் நடுவர்முன் நிறுத்தப்பட்டே சிறைக்கு அனுப்பப்பட்டிருந்தனர். அவர்தம் காயங்கள் அங்கே பேசவில்லை. ஆகவே அடிபட்டிருந்தால் கேட்காவிட்டாலும் நடுவரிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும் என்பது அங்கு கற்ற பாடம்.

மற்றொன்று இதற்கு நேர்மாறானது. நாம் அமர்ந்திருந்த கரைக்கு எதிரே, ஆற்றின் வடபுறத்தில் வல்லநாடு இருக்கிறது. வெளிமான் காட்டால் பலரும் அறிந்த ஊர். காவலர் துப்பாக்கிப் பயிற்சி பெறும் திடலும் அங்கு உண்டு. 2018 மே 22-க்குப் பின் தூத்துக்குடி நகரின் பல வீடுகளில் பிள்ளைகளைக் காணவில்லை. காவல் நிலையங்களில் கேட்டால் இல்லை என்றனர். மருத்துவமனையிலும் தேடினர், பிணவறை வாயிலிலும் நின்றனர். வழக்குரைஞர்கள் நீதிமன்றத்தை நாடினர். நீதிமன்ற உத்தரவின் பேரில் நீதித்துறை நடுவர் ஒருவர் வல்லநாட்டுத் திடலுக்கு நேரில் சென்றார். தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் அங்கே வைக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. அவர்களைத் தேடிக் கண்டது துணிச்சலான ஒரு பெரும்படையன்று. யார் வீடு திரும்பவில்லை என்பதைப் பெயர் பெயராக எழுதிக்கொண்டு வந்த உறவினரும், அப்பட்டியலை மனுவாக்கிய வழக்குரைஞரும், வண்டியேறிச் சென்று கதவைத் திறக்கச் சொன்ன ஒரு நடுவருமே ஆவர்.

இதைச் சொல்லி முடித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. இளைஞர்கள் ஆற்றில் கால் நனைக்கச் சென்றனர். அந்த அன்னை மட்டும் எழாமல் அமர்ந்திருந்தார். வழக்குரைஞர் வைக்கப் பணம் ஏது என்று கேட்டார். காவலில் இருப்பவர் எவராயினும், பெண்கள், பிள்ளைகள், தாழ்த்தப்பட்டோர், வறியோர் எவராயினும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டணமின்றிச் சட்ட உதவி பெறலாம் என்றும், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான ஆணைக்குழுவின் அலுவலகம் உண்டு என்றும், 15100 என்ற எண்ணில் அழைக்கலாம் என்றும் சொன்னோம். எண்ணை இருமுறை கேட்டார். கைப்பையிலிருந்து ஒரு பேருந்துச் சீட்டை எடுத்து, அதன் பின்புறத்தில் எழுதிக்கொண்டார். பிறகு ஆற்றின் பக்கம் திரும்பி, ஆழத்துக்குப் போகாதே என்று மகனை அழைத்துக் குரல் கொடுத்தார்.